திடல் கண்ட காலம் – 17: பின்வரிசையும் ஒரு கோல் காவலரும்

நெகிரி செம்பிலான் வரைபடத்தில் பெடாஸ் மீது விரலை வையுங்கள். தெற்கே இறங்கி மலாக்கா எல்லையைத் தாண்டினால் அலோர் காஜா. மேற்கே லிங்கி வழியாகக் கடலைப் பார்த்துப் போனால் போர்ட்டிக்சன். காரில் கிளம்பினால் இரண்டு ஊருக்குமே ஒரு மணி நேரம் ஆகாது. 1950 ஜூலை 28 அன்று அலோர் காஜாவில் சோ சின் ஆன் பிறந்தார். 1953 ஜனவரி 31 அன்று போர்ட்டிக்சனில் ஆர். ஆறுமுகம் பிறந்தார். ஆசியாவின் பெரிய அணிகளெல்லாம் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்குக்கு வந்து கோல் போடத் திணறிய ஒரு காலம் இருந்தது. அந்தக் காலத்தை உருவாக்கியவர்களில் இருவர் நம் வட்டாரத்தின் இரு கரைகளில் பிறந்தவர்கள்.

சென்ற மூன்று இதழ்களில் தாக்குதல் ஆட்டக்காரர்களைப் பற்றி எழுதினேன். மொக்தார் டஹாரியின் கோல்களுக்கு எண்ணிக்கை உண்டு: 142 அனைத்துலக ஆட்டங்கள், 89 கோல்கள். தற்காப்புக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது. விழாமல் போன கோலை யாரும் எழுதி வைப்பதில்லை. 1978 மே மாதம் இங்கிலாந்து ‘பி’ அணி பாபி ராப்சனின் பொறுப்பில் கோலாலம்பூருக்கு வந்து 1-1 எனச் சமநிலை கண்டது. திடலின் பாதி தூரம் பந்தைக் கொண்டுபோய் மொக்தார் போட்ட கோலை இன்றும் பேசுகிறார்கள். இங்கிலாந்துக்கு ஒரே ஒரு கோல்தான் கிடைத்தது என்பதையும், அந்த ஒன்றோடு நிறுத்தியவர்கள் யார் என்பதையும் யாரும் பேசுவதில்லை. இந்த இதழ் அவர்களுக்கானது.

தொடக்கம் சோல் நகரம். 1971 செப்டம்பரில், அடுத்த ஆண்டு மூனிக்கில் நடக்கவிருந்த ஒலிம்பிக்கிற்கான தகுதிச் சுற்று அங்கே நடந்தது. அந்தப் பிரிவில் இருந்தவர்களைப் பாருங்கள். ஜப்பான், 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அணி. தென்கொரியா, சொந்த மண்ணில் சொந்த ரசிகர்கள் முன்னால் ஆடிய அணி. கூடவே தைவானும் பிலிப்பைன்சும். மலேசியா தேறும் என்று ஆருடம் சொல்ல யாருக்கும் காரணமில்லை. ஜப்பானை 3-0, தைவானை 3-0, பிலிப்பைன்சை 5-0, தென்கொரியாவை 1-0. நான்கு ஆட்டம், நான்கு வெற்றி. போட்ட கோல்கள் 12, வாங்கியது பூஜ்யம்.

அந்தக் கடைசி எண்ணில்தான் இந்தத் தொடரின் இரண்டாம் பாகமே தொடங்குகிறது. தென்கொரியாவுக்கு எதிரே சைட் அகமட் தலையால் முட்டிய ஒற்றைக் கோலைப் பாடப் பலர் இருக்கிறார்கள். ஒரு கோல் முன்னிலையைக் கையில் வைத்துக்கொண்டு, சோல் ரசிகர்களின் இரைச்சலுக்கு நடுவே, கொரியர்களின் தொடர் அழுத்தத்தைத் தாங்கியது ஒரு பின்வரிசை. மூனிக் வரை போன அந்தப் பின்வரிசையில் சோ சின் ஆன், எம். சந்திரன், நமாட் அப்துல்லா, ஓத்மான் அப்துல்லா ஆகியோர் இருந்தார்கள். சோவுக்கு அப்போது வயது 21. ஆசியாவின் சிறந்த கோல் காவலர் என்று பெயரெடுத்த சாவ் சீ கியோங் ஹாங்காங்கில் தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட்டிருந்தார். அவ்வளவு பெரிய கோல் காவலர் இல்லாமலே நான்கு ஆட்டங்களில் வலை அசையவில்லை என்றால், முன்னால் நின்றவர்களின் வேலை எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

மூனிக்கில் முதல் ஆட்டம் 1972 ஆகஸ்ட் 27. எதிரே போட்டியை நடத்தும் மேற்கு ஜெர்மனி. ஊலி ஹோனெஸ், ஒட்மார் ஹிட்ஸ்ஃபெல்ட் போன்ற இளைஞர்கள் இருந்த அணி அது. முதல் பாதி முடிந்தபோது 0-0. இரண்டாம் பாதியில் மூன்று கோல் விழுந்தது உண்மைதான். ஆனால் அந்த முதல் 45 நிமிடத்தை மலேசியக் காற்பந்தின் மிகச் சிறந்த தற்காப்பு ஆட்டங்களில் ஒன்றாக நான் வைப்பேன். இரண்டு நாள் கழித்து அமெரிக்காவை 3-0 என வீழ்த்தினார்கள்.

அடுத்து வந்தது மொரோக்கோ. இந்த ஆட்டத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அப்போது ஒரு வெற்றிக்கு இரண்டு புள்ளி. மலேசியாவிடம் 2 இருந்தது, மொரோக்கோவிடம் 1. அதே நாளில் மேற்கு ஜெர்மனியைச் சந்தித்த அமெரிக்காவிடமும் 1தான். ஜெர்மனியை அவர்கள் வெல்லப் போவதில்லை. அதாவது மொரோக்கோவுடன் ஒரு சமநிலை கிடைத்திருந்தால் மலேசியா இரண்டாம் சுற்றுக்குப் போயிருக்கும். தேவைப்பட்டது தற்காப்பு மட்டும். சோலில் நான்கு ஆட்டம் பூட்டிய கதவை இன்னும் ஒரு ஆட்டம் பூட்டியிருந்தால் போதும். முடிவு 0-6.

இதை மறைத்துவிட்டு அந்த அணியைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. ஐந்து நாளில் மூன்றாவது ஆட்டம் என்பது ஒரு காரணம். வேறொரு காரணமும் உண்டு. எதிரணி பந்தை உயரமாகத் தூக்கிப் போட்டு முட்டி மோதும் வரை அந்தப் பின்வரிசை அசையாது. ஆனால் மொரோக்கோவின் அஹமட் ஃபராஸ் போல் ஓடிவந்து இடைவெளிக்குள் புகுபவர்களை யார் பிடிப்பது என்பதில் அவர்களுக்குள் தெளிவான ஏற்பாடு இல்லை. நால்வரும் நல்லவர்கள். நால்வருக்கும் சேர்த்து ஒரே மூளை இன்னும் உருவாகவில்லை.

அது உருவான விதத்தைச் சொல்லுமுன், அந்தக் காலத்து விதிகளை நினைவூட்ட வேண்டும். இன்றைய ஆட்டத்தைப் பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு இது புரிந்தால்தான் மற்றது புரியும். ஒன்று, கடைசி தற்காப்பு ஆட்டக்காரருக்குச் சமமான கோட்டில் தாக்குபவர் நின்றாலே அன்று ஆஃப்சைட். 1990இல்தான் அது மாறியது. இரண்டு, சொந்த ஆள் காலால் தட்டிவிட்ட பந்தைக் கோல் காவலர் கையில் எடுக்கலாம். 1992இல்தான் அதற்குத் தடை வந்தது. மூன்று, ஏற்கெனவே சொன்ன இரண்டு புள்ளிக் கணக்கு. சமநிலைக்கு அன்று மதிப்பு அதிகம். இந்த மூன்றும் சேர்ந்து, பின்னால் நின்று பொறுமையாக ஆடத் தெரிந்த அணிக்குச் சாதகமாக இருந்தன. பந்தைக் காவலரிடம் திருப்பிக் கொடுத்து ஆட்டத்தின் வேகத்தைத் தணிப்பது அன்று முறையான உத்தி. கோழைத்தனம் என்று யாரும் சொல்லவில்லை.

உலகமும் அப்போது பின்வரிசையைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தது. 1960களில் ஹெலேனியோ ஹெர்ரேராவின் இண்டர் மிலான், நால்வருக்கும் பின்னால் ஒருவரைத் தனியே நிறுத்தி ஐரோப்பாவை வென்றது. ஃபிரான்ஸ் பெக்கன்பவர் அதே இடத்தில் நின்றுகொண்டு அங்கிருந்தே தாக்குதலையும் தொடங்கிக் காட்டினார். சுவீப்பர் என்றும் லிபரோ என்றும் சொல்லும் அந்த இடம்தான் 1970களில் மலேசியாவில் சோ சின் ஆனுடைய இடம் ஆயிற்று. அவருக்கு முன்னால் ஸ்டாப்பராக நின்றவர் சந்தோக் சிங், 1952இல் செத்தாபாக்கில் பிறந்தவர்.

ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போனவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்கவே வேண்டாம். வெட்டுக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிரை. அந்த நிரையின் மரங்கள் அவர் பொறுப்பு. மண்டோருக்கு மட்டும் சொந்த நிரை கிடையாது. எல்லா நிரையிலும் நடப்பார், எங்கே குறை தெரிகிறதோ அங்கே போய் நிற்பார். ஸ்டாப்பர் வெட்டுக்காரர், சுவீப்பர் மண்டோர். எதிரணியின் முதல்தரத் தாக்குதல் ஆட்டக்காரர் யாரோ அவரைச் சந்தோக் விடாமல் ஒட்டிக்கொள்வார். மோதுவார், விழுவார், எழுவார். அவரையும் தாண்டி வரும் பந்து எங்கே போய் விழும் என்று கணித்து, சோ அங்கே முன்கூட்டியே நிற்பார். சந்தோக்கின் உழைப்பு எல்லாருக்கும் தெரியும். சோவின் உழைப்பு தெரியவே தெரியாது. அவர் வேர்க்க விறுவிறுக்க ஓடும் நிலை வந்தால் எங்கோ ஏற்பாடு தவறிவிட்டது என்று பொருள். ரசிகர்கள் அவருக்கு வைத்த பெயர் தவுக்கே. திடலில் அவர் கை காட்டிய இடத்தில் மற்றவர்கள் நின்றார்கள்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை உண்டு. ஒருவர் எப்போதும் பின்னால் நிற்பதால் தற்காப்புக் கோடு ஒரே நேராக முன்னேற முடியாது. ஆஃப்சைட் பொறி வைக்க முடியாது. பெனால்டிப் பெட்டிக்கு வெளியே எதிரணிக்கு இடம் கிடைக்கும். அங்கிருந்து தூரத்து உதைகள் வரும். இரு விளிம்புகளிலிருந்தும் உயரப் பந்துகள் வரும். இதையெல்லாம் சமாளிக்கக்கூடிய ஒரு கோல் காவலர் பின்னால் இல்லாவிட்டால் சுவீப்பர் முறை பாதி முறைதான்.

இந்த இடத்தில்தான் போர்ட்டிக்சன்காரர் வருகிறார்.

ஆறுமுகத்தை ‘ஸ்பைடர்மேன்’ என்று அழைத்ததற்குக் காரணம் அவருடைய நீண்ட கைகள். ஆனால் கையின் நீளத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போவது அவருக்குச் செய்யும் அநீதி. நீண்ட கை உள்ள கோல் காவலர்கள் எத்தனையோ பேர் கோட்டை விட்டு நகரத் தயங்கி வீணாகியிருக்கிறார்கள். தூரத்து உதைக்குக் கோட்டில் நிற்க வேண்டும்; விளிம்பிலிருந்து வரும் உயரப் பந்துக்குக் கோட்டை விட்டு வெளியே பாய வேண்டும். இரண்டும் எதிரெதிர்த் திசை. எப்போது எது என்று முடிவெடுக்க அரை விநாடி கூடக் கிடைக்காது. சோ பின்னால் இறங்கி நிற்கும்போது அவருக்கும் காவலருக்கும் நடுவே உள்ள இடம் குறுகிவிடும். அந்த இடத்தில் விழும் பந்து யாருடையது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்தான் எத்தனையோ நல்ல அணிகள் கவிழ்ந்திருக்கின்றன. சோவும் ஆறுமுகமும் சந்தோக்கும் தேசிய அணியில் மட்டுமல்ல, சிலாங்கூர் அணியிலும் ஒன்றாக ஆடினார்கள். மாநில ஆட்டமும் நாட்டு ஆட்டமுமாக ஆண்டு முழுவதும் அதே மூவர். குரல் கேட்டாலே யார் விட வேண்டும், யார் எடுக்க வேண்டும் என்று தெரிந்துவிடும் அளவுக்கு அது பழகிப்போனது. நான் மேலே ‘ஒரே மூளை’ என்றது இதைத்தான்.

பழக்கம் ஒரே நாளில் வரவில்லை. 1974 செப்டம்பரில் தெஹ்ரான் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு எம். சந்திரன் தலைமையில் போன அணி, பிலிப்பைன்சுக்கு எதிராக 11 கோல் போட்டது. அதே பிரிவில் இஸ்ரேலிடம் 3-8 என்று தோற்றது. எட்டு! அதோடு கலைந்து போகாமல் அடுத்த சுற்றில் தென்கொரியாவை 3-2 என வென்று, மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் வடகொரியாவை 2-1 என வென்று வெண்கலத்தோடு திரும்பினார்கள். 1966 உலகக் கிண்ணத்தில் இத்தாலியை வீட்டுக்கு அனுப்பிய நாடு வடகொரியா என்பதை மறந்துவிடக் கூடாது. சந்திரனின் பெருமையை நான் இங்கே வைத்துப் பார்க்கிறேன். எட்டு கோல் வாங்கிய ஒரு தற்காப்பைச் சில நாட்களுக்குள் மறுபடி நிமிர்த்தி, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஒரே ஒரு கோலோடு நிறுத்தச் செய்த தலைவர் அவர். நம் சமூகம் தந்த தலைவர்களில் அவரைப் போதிய அளவு நாம் கொண்டாடவில்லை.

1970களின் நடுவில் மெர்டேக்கா கிண்ணம் 1973, 1974, 1976 ஆகிய ஆண்டுகளில் வீட்டிலேயே தங்கியது. 1977இல் கோலாலம்பூரில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் தாய்லாந்தை 2-0 என வென்றார்கள். 1979இல் ஜகார்த்தாவில், செனாயான் அரங்கில், இந்தோனேசியாவை அதன் சொந்த ரசிகர்கள் முன்னால் 1-0 என வென்று தங்கத்தைத் தக்கவைத்தார்கள். கோல் மொக்தாருடையது, முதல் பாதியிலேயே விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல், அடங்காத ஒரு கூட்டத்தின் ஓலத்துக்கு முன்னால், ஒரு கோலைக் காத்து நின்றார்கள். இரண்டு இறுதி ஆட்டம், வாங்கிய கோல் எதுவுமில்லை. 1971இல் சோலில் பார்த்த அதே மலேசியாதான். ஆனால் இப்போது அது இளமையின் துடிப்பால் வந்ததில்லை, தெரிந்து செய்தது.

இவர்கள் யாரும் அப்போது உள்நாட்டில் தொழில்முறை ஆட்டக்காரர்களாக ஆடவில்லை. மலேசியாவில் அரைத் தொழில்முறை லீக் 1989இல்தான் வந்தது. முழுத் தொழில்முறை 1994இல். பகலில் அலுவலகம், வங்கி, சீருடைப் பணி, மாலையில் பயிற்சி. அந்த நிலையில் இப்படி நுட்பமான ஒரு தற்காப்பைப் பத்தாண்டு நடத்திக் காட்டினார்கள் என்பதைச் சம்பளம் வாங்கும் இன்றைய அணிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது என் மரியாதை இன்னும் கூடுகிறது.

1979இல் பயிற்றுநராக வந்தார் ஜெர்மானியர் கார்ல் ஹைன்ஸ் வெய்காங். நமக்கு அவர் புதியவர் இல்லை. 1966இல் தென்வியட்நாமைக் கூட்டிவந்து நம் மெர்டேக்கா கிண்ணத்தையே வென்றுபோனவர். கட்டுப்பாட்டுக்குப் பெயர் போனவர். அவர் பொறுப்பேற்றபோது பின்வரிசையில் கற்றுக்கொடுக்க அதிகம் மிச்சமில்லை. சோவும் சந்தோக்கும் ஆறுமுகமும் அங்கே இருந்தார்கள். வலது புறத்தில் ஜமால் நாசிர். அந்தத் தற்காப்பின் மேல் நம்பிக்கை வைத்து முன்வரிசையில் வேகத்தைச் சேர்க்க அவரால் முடிந்தது. சபாவிலிருந்து ஹசான் சானியும் ஜேம்ஸ் வோங்கும் அந்த வேகமாக இருந்தார்கள்.

1980 ஏப்ரல் 6. மெர்டேக்கா அரங்கு. மாஸ்கோ ஒலிம்பிக்கிற்கு யார் போவது என்று முடிவாகும் ஆட்டம். எதிரே மறுபடியும் தென்கொரியா. இந்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் எல்லாரும் ஒரே காட்சியைத்தான் சொல்வார்கள்: ஆட்டம் முடியும் தறுவாயில், 1-1 என்று இருந்தபோது, ஹசான் சானி கொடுத்த பந்தை ஜேம்ஸ் வோங் வலைக்குள் அடித்தது. அந்தக் காட்சிக்கு உரிய புகழ் அதற்கு இருக்கட்டும். ஆனால் கடைசி நிமிடங்கள் வரை ஆட்டம் சமநிலையில் இருந்ததால்தான் அந்தக் கோலுக்கு அந்த மதிப்பு. ஒரு கோல் வாங்கிய பிறகும் கலங்காமல், இரண்டாவதை விடாமல், முன்வரிசைக்கு நேரம் வாங்கிக் கொடுத்தவர்கள் பின்னால் இருந்தார்கள். மூனிக்கில் மொரோக்கோவுக்கு முன்னால் உடைந்ததையும் இங்கே உடையாததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எட்டு ஆண்டுகளில் ஒரு தற்காப்பு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தெரியும்.

அவர்கள் மாஸ்கோ போகவில்லை. ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததை எதிர்த்து மலேசிய அரசும் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. மலேசியாவின் இடத்தில் ஈராக் போனது. அரசியல் சரியா தவறா என்ற வாதத்துக்குள் நான் இறங்கவில்லை. ஆறுமுகத்துக்கு அப்போது 27 வயது. கோல் காவலர்கள் தங்கள் உச்சத்தைத் தொடும் வயது. ஒலிம்பிக் திடலில் அவர் நிற்பதை உலகம் பார்க்காமலே போயிற்று. இந்த வரலாற்றில் எனக்கு ஆறாத இடம் இது. 2016இல் சியூ கெங் குவான் இயக்கிய ‘ஓலா போலா’ படம் இந்தக் கதையைக் கற்பனை கலந்து சொன்னபோது, அதில் முத்து என்ற தமிழ்க் கோல் காவலரைப் பார்த்து இளைய தலைமுறை முதன்முறையாக ஆறுமுகம் யார் என்று கேட்டது. அந்தக் கேள்வி வந்ததே பெரிது.

பின்வரிசையின் தரத்தை அளக்க இன்னொரு சந்தர்ப்பமும் வந்தது. 1982இல் அர்ஜெண்டினாவின் போகா ஜூனியர்ஸ் கோலாலம்பூருக்கு வந்து சிலாங்கூருடன் நட்பு ஆட்டம் ஆடியது. 21 வயது டியேகோ மரடோனா அந்த அணியில் இருந்தார். அவரைக் காவல் காக்கும் வேலை சந்தோக் சிங்குக்கு. போகா 2-1 என வென்றது. சில மாதங்களில் உலகிலேயே அதிக விலைக்குப் பார்சலோனா வாங்கவிருந்த ஒரு ஆட்டக்காரர் இருந்த அணிக்கு எதிராக, மாலை நேரப் பயிற்சியோடு வந்த ஒரு மாநில அணி இப்படி ஒரு கணக்கைக் காட்டியது. தோல்விதான், ஆனால் இந்தத் தோல்வியை நான் மொரோக்கோ தோல்வியின் பக்கத்தில் வைக்க மாட்டேன்.

இனி மதிப்பீடு. அந்தத் தற்காப்பு ஏன் அவ்வளவு நன்றாக இருந்தது என்பதும், ஏன் அது தொடரவில்லை என்பதும் ஒரே காரணத்தால்தான். அது ஒரு பாடத்திட்டமாக இருக்கவில்லை. மூன்று நான்கு மனிதர்களுக்குள் பத்தாண்டு ஆடி ஆடி ஊறிய புரிந்துகொள்ளல் அது. எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. மாநிலங்களின் இளைஞர் அணிகளில் சுவீப்பர் என்ன செய்ய வேண்டும், கோல் காவலரோடு எப்படிப் பேச வேண்டும் என்று முறையாகச் சொல்லித் தரப்படவில்லை. 1969இல் தேசிய அணிக்கு வந்த சோ 1984 வரை ஆடினார். ஃபிஃபா கணக்கில் அவருக்கு 195 ஆட்டங்கள். ஒருவர் பதினைந்து ஆண்டு ஒரே இடத்தில் நிற்பது அவருக்குப் பெருமை. அவர் பக்கத்தில் நின்று பழக ஓர் இளைஞருக்கு இடமே வைக்காதது நிர்வாகத்தின் குறை. மூவரும் விலகியதும் அந்த அறிவும் அவர்களோடு போய்விட்டது. 1990இல் ஆஃப்சைட் விதியும் 1992இல் பின்பந்து விதியும் மாறியபோது, பழைய முறையை நன்றாக அறிந்தவர்கள்தான் புதியதற்கு அதை வளைத்திருக்க முடியும். அவர்களைக் கேட்பார் இல்லை.

அதே காலத்தில் இன்னொரு பக்கமும் தளர்ந்துகொண்டிருந்தது. பெடாஸைச் சுற்றி, ரெம்பாவ், ரந்தாவ், லிங்கி என்று எந்தப் பக்கம் போனாலும் அன்று தோட்டங்கள். தோட்டத்துக்கு ஒரு திடல். திடலின் ஓரத்தில் பெரும்பாலும் ஒரு கோயில். விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, பிறகு வெட்டு, மதியத்துக்கு மேல் பால் நிறுத்து முடித்து வந்த இளைஞர்கள் நாலரை மணிக்கெல்லாம் பந்தோடு திடலில் நிற்பார்கள். தோட்டத்துக்கும் தோட்டத்துக்கும் போட்டி. பூட்ஸ் இல்லாத கால்கள். அந்தத் திடல்களில் வளர்ந்த ஆட்டத்துக்கு ஒரு குணம் உண்டு. தோற்றால் மறுநாள் பெரட்டில் முகம் காட்ட முடியாது என்பதால், கோல் போடுவதைவிடக் கோல் வாங்காமல் இருப்பதில் கவனம் அதிகம். பின்னால் நிற்பவர்தான் அணியின் மூத்தவர்; கோல் காவலர்தான் பயமில்லாதவர். நம் சமூகத்திலிருந்து நாட்டுக்கு நல்ல காவலர்களும் தற்காப்பு ஆட்டக்காரர்களும் கிடைத்ததில் இந்த மண்ணுக்குப் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

1960களில் தோட்டத் துண்டாடல். 1969இல் வேலை அனுமதிச் சட்டம். குடியுரிமை கிடைக்காத எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் அதனால் வேலையிழந்தன. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை ஆட்கள் தேவையில்லை. லயங்கள் காலியாயின, பிள்ளைகள் சிரம்பானுக்கும் கோலாலம்பூருக்கும் போனார்கள். ஆளில்லாத திடலில் கன்று நடுவதற்கு யார் அனுமதியும் தேவைப்படவில்லை. சோவும் ஆறுமுகமும் விடைபெற்ற அதே ஆண்டுகளில் இதுவும் நடந்தது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது என்று நான் வாதாடவில்லை. ஆனால் அடுத்த ஆறுமுகத்தைத் தேடி வந்தவர்கள் எந்தத் திடலுக்கு வந்திருப்பார்கள்?

நெகிரி செம்பிலானுக்கும் இதில் ஒரு வருத்தம் உண்டு. மாநிலம் 1948இல் மலாயாக் கிண்ணத்தை வென்றது. அதே கிண்ணம் மலேசியக் கிண்ணம் என்று பெயர் மாறி, 2009இல் கிளந்தானை 3-1 என வென்றபோதுதான் மறுபடி சிரம்பானுக்கு வந்தது. இடையில் 61 ஆண்டுகள். அந்த 61 ஆண்டுகளில் மாநிலம் பெற்ற மிகப் பெரிய கோல் காவலர் சிலாங்கூரின் சட்டையில்தான் கிண்ணங்களைத் தூக்கினார். அன்றைய அமைப்பு அப்படி. வேலையும் வசதியும் தலைநகரைச் சுற்றியே இருந்தன. ஆறுமுகத்தைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை.

1988 டிசம்பர் 18 அன்று ஆறுமுகம் சாலை விபத்தில் இறந்தார். வயது 35. மறு ஆண்டு அரைத் தொழில்முறை லீக் தொடங்கியது. காவலர்களுக்கென்று தனிப் பயிற்றுநர்கள் தேவைப்படும் காலம் வந்துகொண்டிருந்தது. பல காலம் இந்த நாட்டின் கோலைக் காத்த ஒருவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் வரிசையில் நின்றிருக்க வேண்டிய காலம் அது. 1991 ஜூலையில் மொக்தாரும் போனார்.

போர்ட்டிக்சனில் பிறந்தவரின் பெயரை நெகிரி செம்பிலானில் ஒரு திடலுக்கு வைக்க வேண்டும் என்று இந்தத் தொடரின் வழியே கேட்கிறேன். பாரோய் அரங்கு வேண்டாம், அதற்கு உரிய பெயர் இருக்கிறது. மிச்சமிருக்கும் தோட்டத் திடல்களில் ஒன்றாக இருந்தால் போதும். சாயங்காலம் பிள்ளைகள் ஆடும் திடலாக இருக்க வேண்டும். கம்பத்தில் வலை இருக்க வேண்டும்.

அடுத்த இதழில்: 1989, அரைத் தொழில்முறை லீக்கும் தோட்டத்துப் பிள்ளைகளும்.